முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் மெஷின்: வாங்கலாமா, எப்படிப் பயன்படுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிசியோதெரபியில் கரண்ட் வைக்கும்போது வலி நன்றாகக் குறைகிறது. வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. தோல் மேல் பேட் ஒட்டி லேசான மின் துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்கும் டென்ஸ் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே தினமும் வைக்கலாமா, அதனால் தேய்மானம் குணமாகுமா, பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அப்பாவும் அதையே தோள் வலிக்குப் பயன்படுத்தலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. அப்பா அந்த மெஷினைத் தொட வேண்டாம். டென்ஸ் அனுப்பும் மின் துடிப்புகளை பேஸ்மேக்கர் இதயத்தின் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால், துடிப்பு கொடுக்க வேண்டிய நேரத்தில் அது சும்மா இருந்துவிடும். உடலுக்குள் பொருத்திய டிஃபிப்ரிலேட்டர் (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) என்றால் தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடவும் வாய்ப்புண்டு. தோள் நெஞ்சுக்குப் பக்கம் என்பதால் இன்னும் மோசம். அவருடைய இதய மருத்துவர் நேரடியாகச் சரி என்று சொன்னால் ஒழிய இந்தப் பேச்சே வேண்டாம்.

இனி அம்மா விஷயம். தேய்மானம் டென்ஸால் குணமாகாது, மெதுவாகக்கூட ஆகாது. வலி மட்டும் சிலருக்கு, மெஷின் ஓடும் நேரத்திலும் அதன் பிறகு கொஞ்ச நேரமும் குறையலாம். அந்த 'சிலருக்கு', 'குறையலாம்' என்ற சொற்களை நான் சும்மா போடவில்லை. முழங்கால் தேய்மானத்தைப் பொறுத்தவரை டென்ஸின் ஆய்வுக் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். கால் எங்காவது இடித்துக்கொண்டால் உடனே கை போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது, வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் தடித்த நரம்பு இழைகள் வேறு, வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் வேறு. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. தடித்த இழைகளில் செய்தி நிறைய வந்தால், வலிச் செய்தி மூளைக்கு ஏறுவது அங்கேயே மட்டுப்படுகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் இதை 'கதவுக் கோட்பாடு' என்று முன்வைத்தார்கள். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அடிப்படை யோசனை நின்றது. 1967-இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் மின் துடிப்பால் நரம்பைத் தூண்டி நாள்பட்ட வலியைத் தற்காலிகமாக அடக்க முடியும் என்று காட்டினார்கள். அதே காலகட்டத்தில் நார்மன் ஷீலி என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் தண்டுவடத்தில் பொருத்தும் தூண்டுகருவியைக் கொண்டுவந்தார். யாருக்கு அந்த அறுவை சிகிச்சை பலிக்கும் என்று முன்கூட்டியே பார்க்க, தோல் மேல் பேட் ஒட்டி மின்சாரம் கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்கு அந்தச் சோதனையே போதுமானதாக இருந்தது, அறுவை தேவைப்படவில்லை. இன்றைய டென்ஸ் மெஷின் வளர்ந்த கதை இதுதான்.

மின்சாரத்தால் வலியைப் போக்கும் யோசனை அதைவிடப் பழையது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாத வலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனைப் பாதத்துக்கு அடியில் வைத்து, ஈரமான கடற்கரையில், கால் முழங்கால் வரை மரத்துப்போகும்வரை நிற்கச் சொன்னார். அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் அந்த மீனில் இல்லை.

தண்டுவடக் கதவு ஒரு பாதிதான். மூளையும் தண்டுவடமும் தாமே சுரக்கும், ஓபியம் போன்ற வலிநிவாரணிப் பொருள்களையும் டென்ஸ் தூண்டுகிறது. அதிர்வெண் (நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு) குறைவாக, 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்தால், நரம்பணுக்களில் அந்தப் பொருள்கள் போய் ஒட்டும் 'மியூ' வகை ஏற்பிகள் வழியாகவும், 80, 100 என்று கூட்டி வைத்தால் 'டெல்டா' வகை வழியாகவும் அது வேலை செய்கிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. மார்ஃபின் போன்ற மருந்துகளும் மியூ வழியாகத்தான் செயல்படுகின்றன. அதனால் அவற்றை நீண்ட நாள் எடுத்துப் பழகியவர்களுக்குக் குறைந்த அதிர்வெண் டென்ஸ் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

இதில் எதுவும் மூட்டைத் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேய்ந்துபோகும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்மான வலி அதற்கு அடியில் உள்ள எலும்பிலிருந்தும், வீங்கிய மூட்டுச் சவ்விலிருந்தும், மூட்டைச் சுற்றிய உறையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு வலி அதிகம் இல்லாமல் நடப்பவர்களும் உண்டு, படத்தில் லேசான மாற்றம் மட்டும் இருக்க, படி ஏற முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. டென்ஸ் குறுக்கிடுவது வலிச் செய்தி போகும் பாதையில். மூட்டின் எலும்பும் சவ்வும் இருந்தபடியே இருக்கும். மெஷினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வலி திரும்புவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் 'மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருப்பார்கள், பிசியோதெரபிஸ்ட்களில் பாதிப் பேர் 'நல்லா கேக்கும்' என்பார்கள்.

டென்ஸைச் சோதிப்பதே ஒரு தலைவலி. மாத்திரை என்றால் அதே நிறத்தில் போலி மாத்திரை கொடுத்துவிடலாம். டென்ஸில் சுரீர் சுரீர் என்று தோல் குறுகுறுக்கும். குறுகுறுக்கவில்லை என்றால் தனக்குப் போலி மெஷின்தான் வந்திருக்கிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய ஆய்வுகள் பலவற்றின் ஓட்டை இதுதான். பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள்: போலி மெஷினும் முதலில் அரை நிமிடம், முக்கால் நிமிடம் உண்மையான மின்சாரம் கொடுக்கும், அப்புறம் சத்தமில்லாமல் அடங்கிவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். குறுகுறுப்பு பழகிப்போய்விட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்வார்.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு, முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் பலன் தருகிறது என்று 2000-இல் சொன்னது. 2009-இல் அதே அமைப்பின் புதிய தொகுப்பாய்வு 18 ஆய்வுகளை, மொத்தம் 813 நோயாளிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, பலன் இருப்பதாக உறுதி செய்ய முடியவில்லை என்றது. சேர்த்தவை எல்லாம் சின்னச் சின்ன, தரம் குறைந்த ஆய்வுகள். ஆய்வு சிறிதாக ஆக ஆகப் பலன் பெரிதாகத் தெரிந்தது, இது நல்ல அறிகுறி இல்லை.

2012-இல் அமெரிக்காவின் அயோவாவில் 75 பேரிடம் ஒரே ஒரு தடவை டென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. சிலருக்கு அதிக அதிர்வெண், சிலருக்குக் குறைந்த அதிர்வெண், சிலருக்குப் போலி. முழங்காலை அழுத்தினால் எந்த அழுத்தத்தில் வலிக்கத் தொடங்குகிறது என்று கருவியால் அளந்தால், உண்மையான டென்ஸ் வைத்தவர்களிடம் அந்த அளவு உயர்ந்தது. ஆக, மெஷின் நரம்பில் ஏதோ செய்கிறது. ஆனால் 'உங்களுக்கு இப்போது எவ்வளவு வலி?' என்று வாயால் கேட்டபோது மூன்று குழுவிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. போலி மெஷினிலும் குறைந்திருந்தது.

2014-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 224 பேர். எல்லோருக்கும் உடற்பயிற்சியும் ஆலோசனையும். ஒரு பகுதியினருக்குக் கூடவே டென்ஸ், ஒரு பகுதியினருக்குப் போலி டென்ஸ், மீதிப் பேருக்கு மெஷினே இல்லை. 6 வாரம் கழித்து மூன்று குழுவும் முன்னேறியிருந்தது, குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இல்லை. 2022-இல் ஸ்விட்சர்லாந்தில் 220 பேரிடம் 3 வாரம் செய்த ஆய்வில் டென்ஸுக்கும் போலி டென்ஸுக்கும் வலியில் வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு முன்பு டென்ஸைத் துணைச் சிகிச்சையாகக் கருதலாம் என்று எழுதியிருந்தது, 2022 வழிகாட்டுதலில் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் கூடாது என்று அழுத்தமாகவே சொல்கிறது.

எதிர்ப் பக்கமும் இருக்கிறது. 2022-இல் எல்லா வகை வலிக்கும் சேர்த்து 381 ஆய்வுகளைத் தொகுத்தபோது, டென்ஸ் ஓடும்போதும் முடிந்த உடனேயும் போலியைவிட வலி குறைவாக இருந்தது, பெரிய பக்க விளைவு எதுவும் இல்லை. டென்ஸ் ஆதரவாளர்கள் சொல்லும் இன்னொரு வாதமும் நியாயமானது: பல ஆய்வுகளில் மின்சாரத்தின் அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டது, வலியையும் சும்மா படுத்திருக்கும்போது அளந்தார்கள், நடக்கும்போது அளக்கவில்லை.

என் முடிவு இது: முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் ஒரு சிகிச்சை அல்ல. அம்மாவுக்குக் குறைகிறது என்றால் அது பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். பாதி மின்சாரமாக இருக்கலாம், பாதி அரை மணி நேர ஓய்வும் ஒருவர் அக்கறையாகப் பார்த்துக்கொண்டதுமாக இருக்கலாம். தேய்மான வலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம், அதனால் எதைச் செய்தாலும் அடுத்து இறங்குவது போலத்தான் தெரியும். வலி குறைந்த அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். படுத்தபடி மெஷின் வைத்து, எழுந்து ஆட்டோவில் வீடு திரும்பி, மறுபடி உட்கார்ந்துவிட்டால் அந்த வலிக்குறைவு வீண்.

முழங்காலுக்கு நிஜமாக உதவுவது முன்தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்துவது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, காலை நீட்டி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது, காலை நேராகத் தூக்குவது, நடை. உடல் எடை அதிகமாக இருந்தால் அதைக் குறைப்பது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. வலி நிவாரண ஜெல்லை மேலே தடவுவதும் முழங்காலுக்கு நன்றாகவே கேட்கும். மாத்திரை போல வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவ்வளவு சோதிக்காது. பயிற்சி செய்தால் வலிக்கிறது என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வராவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. வலிக்குப் பயந்து நகரவே மறுக்கும் ஆளுக்கு டென்ஸ் ஒரு தைரியம் கொடுத்தால், அந்த அளவில் நான் அதை எதிர்க்கமாட்டேன்.

அதனால் உடனே வாங்காதீர்கள். யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். வைக்கும் முறை இப்படி.

தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய், தைலம், ஜெல் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. நான்கு பேட்: முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கீழே அதேபோல் இரண்டு. மேல் உள்பக்கமும் கீழ் வெளிப்பக்கமும் ஒரு வயரில், மற்ற இரண்டும் இன்னொரு வயரில். அப்போது மின்சாரம் மூட்டுக்குக் குறுக்கே ஓடும். சில்லின் மேலேயே ஒட்ட வேண்டாம், பேடுகள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. இரண்டு முழங்காலுக்கும் ஒரே நேரத்தில் வைக்க ஆசைப்பட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பேட் ஒட்டுவார்கள். அதுவும் செய்யலாம், ஆனால் முதலில் வலி அதிகமுள்ள பக்கத்தில் முழுதாக வைத்துப் பாருங்கள்.

மெஷினில் அதிர்வெண் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம், அதாவது ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம், 200 மைக்ரோ செகண்ட் அளவு. தொடங்கும்போது இந்த இரண்டையும் இப்படி வைத்தால் போதும். பலர் கோட்டைவிடுவது மூன்றாவதான மின்சார அளவில். மெல்லக் குறுகுறுப்பு வந்ததும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். அது போதாது. 'பலமாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை' என்று அம்மா சொல்லும்வரை கூட்டுங்கள். சில நிமிடங்களில் உணர்வு மங்கும், அப்போது மறுபடி கொஞ்சம் கூட்டுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர் என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். தசை இழுத்துக்கொண்டாலோ எரிச்சல் வந்தாலோ குறைத்துவிடுங்கள். ஊசி குத்துவது போல் இருந்தால் பெரும்பாலும் பேட் காய்ந்துபோயிருக்கும், மாற்ற வேண்டும். பேடைக் கழற்றும் முன் மெஷினை அணையுங்கள்.

30, 40 நிமிடம் வைக்கலாம். மெஷினை இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்த நேரத்திலேயே நடக்கட்டும், நாற்காலிப் பயிற்சி செய்யட்டும். தூங்கும்போதும், குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கூடாது. தினமும் ஒரே அதிர்வெண், ஒரே அளவு என்று வைத்தால் உடல் பழகிக்கொண்டு பலன் குறையும். விலங்குகளில் 4, 5 நாளிலேயே இது தெரிந்தது. அதனால் அதிர்வெண் மாறி மாறி ஓடும் மோடு இருந்தால் அதைப் போடுங்கள், நடுவில் ஓரிரு நாள் விடுங்கள். இன்னொன்று, காபி. ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில் 200 மில்லிகிராம் கஃபீன், அதாவது இரண்டு கப் காட்டமான காபியில் இருக்கும் அளவு, டென்ஸின் பலனைக் குறைத்தது. இதற்காக அம்மாவின் காபியை நிறுத்தச் சொல்லமாட்டேன், மெஷின் வைப்பதற்குச் சற்று முன் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து காலில் உணர்வு குறைந்திருந்தால் டென்ஸ் வேண்டாம், சூடுபட்டால்கூடத் தெரியாது. காலில் ரத்தக்கட்டி இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, அந்த இடத்தில் புண், தொற்று, புற்றுநோய் இருந்தாலோ கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சு ஆகிய இடங்களில் யாருக்கும் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கடைகளில் இதே தோற்றத்தில் 'மசில் ஸ்டிமுலேட்டர்' என்று வேறொன்று விற்பார்கள். அது தசையைச் சுருங்க வைக்கும் கருவி, நோக்கமே வேறு. கிளினிக்கில் வைக்கும் 'ஐஎஃப்டி' 4000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்கே விட்டு வேலை செய்யும். தோலுக்குக் குறைவாக உறுத்தும். அதுவும் மூட்டைக் குணப்படுத்தாது. முழங்காலைச் சுற்றியுள்ள நரம்பை ஊசி வழியாகச் சூடுபடுத்தி மரக்கவைக்கும் சிகிச்சையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மருத்துவமனையில் செய்வது, அதன் கணக்கு தனி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுந்த பிறகு காலூன்ற முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, டென்ஸ் வைத்து வலியை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவல் மெஷின் கையில் இருக்கும் இரண்டு வாரத்தில் இப்படிச் சோதியுங்கள். அம்மாவுக்கு எது கடினமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், படி ஏறுவது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் இல்லாமல் ஏறும்போது வலி பத்துக்கு எத்தனை, மெஷின் ஓடும்போது எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மெஷின் வைக்காத நாளிலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இரண்டு புள்ளி, அல்லது இருந்த வலியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும். அப்படிக் குறைந்து, அந்த நாட்களில் அம்மா கூடுதலாக நடந்தார் என்றால் வாங்குங்கள். விலை உயர்ந்த மாடல் தேவையில்லை. இரண்டு சேனல் (தனித்தனியாக இரண்டு வயர்), அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே மாற்றும் வசதி, தனியாகக் கிடைக்கும் மாற்று பேடுகள் இருந்தால் போதும். ஒரு புள்ளி கூடக் குறையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தில் பயிற்சியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நான்கு தடவை கூட்டிப்போங்கள். கரண்ட் வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.